பத்து கிராம் ஈயம்

(வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மூஸ் வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கியும் குண்டும்" என்று தலைவர் தலைப்பை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தது என் காதில் விழுந்தது. நியாயமான சிரிப்புதான். இந்த அரங்கில் இருக்கும் ஒருவரும் மூஸைச் சுடப் போவதில்லை. நம் நாட்டில் அந்த விலங்கே கிடையாது. இருக்கிற விலங்குகளைச் சுடவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. நான் வாழ்நாளில் தோளில் வைத்த ஒரே துப்பாக்கி, கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கி. அதிலும் ஒரு பலூன்கூட உடைந்ததாக நினைவில்லை.

என் மகள் ஸ்வீடனின் வடக்கே, உமேயோ என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர், வேட்டைக்காரர். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அந்தப் பக்கத்தில் மூஸ் வேட்டை தொடங்குகிறது. நம் ஊரில் பொங்கலுக்கு விடுப்புக் கேட்பதுபோல அங்கே மூஸ் வாரத்துக்கு விடுப்புக் கேட்கிறார்கள். "நீங்களும் வாருங்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்று அழைத்தார். போனேன். அங்கே கேட்டதும் பார்த்ததும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இன்றைய உரை.

ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டு பட்ட கணத்துக்கும் விலங்கு உயிர் விடும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்? மூஸ் வேட்டையில் துப்பாக்கி, குண்டு, சட்டம், நாய், பயிற்சி எல்லாமே அந்த நேரத்தைக் குறைப்பதற்காக உண்டானவை.

முதலில் விலங்கைப் பார்ப்போம். மான் இனத்திலேயே மிகப் பெரியது மூஸ். நம் காடுகளில் பெரிய மான் கடமான். நன்றாக வளர்ந்த கிடா 300 கிலோ வரை வரும். ஸ்வீடனில் வளர்ந்த மூஸ் கிடா 400 கிலோவைத் தாண்டும். அலாஸ்காவில் 700 கிலோ வரை உண்டு, தோள் உயரமே கிட்டத்தட்ட 2 மீட்டர். பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் மூஸ் எனப்படும் இதே விலங்கை ஆங்கிலேயர் ஐரோப்பாவில் எல்க் என்கிறார்கள். அமெரிக்காவில் எல்க் என்றால் வேறொரு மான். புத்தகம் படிக்கும்போது கவனம் வேண்டும்.

இந்த விலங்கைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று ஜூலியஸ் சீசருடையது. ஜெர்மானியக் காடுகளில் இருக்கும் இந்த மானுக்குக் கால்களில் மூட்டே கிடையாது, படுத்தால் எழ முடியாது, அதனால் மரத்தில் சாய்ந்தபடியே தூங்கும் என்று எழுதினார். வேட்டைக்காரர்கள் மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிடுவார்களாம். மான் சாயும், மரம் சாயும், வேட்டை முடிந்தது. கவனித்தீர்களா? கருவியே வேண்டாத வேட்டை. சீசர் யாரிடமோ ஏமாந்திருக்கிறார். மூஸுக்கு மூட்டும் உண்டு, ஓட்டமும் உண்டு. கண் அவ்வளவு கூர்மையில்லை. ஆனால் மூக்கும் காதும் அபாரம். இலையுதிர் காலத்தில் பெட்டையின் குரலை எழுப்பிக் கிடாவை வரவழைக்க, கனடாவின் பழங்குடிகள் பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஊதுகுழல் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள்.

இத்தனை பெரிய விலங்கை வீழ்த்த எத்தனை பெரிய துப்பாக்கி வேண்டும்? இங்கேதான் நம் சினிமா நமக்குத் துரோகம் செய்திருக்கிறது. நம் படங்களில் குண்டு பட்டவன் நாலடி பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். வகுப்பில் நான் இந்தக் கணக்கைப் போடுவது வழக்கம். ஸ்வீடன்காரர்களின் பாரம்பரியத் தோட்டா 6.5×55. குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர், பித்தளைக் குப்பியின் நீளம் 55 மில்லிமீட்டர். 1894இல் ஸ்வீடன், நார்வே ராணுவங்களுக்காக ஏற்கப்பட்டது. அதில் 10 கிராம் குண்டு நொடிக்கு சுமார் 760 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுப் போகிறது. நிறையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் உந்தம் 7.6. அந்த வேகம் கொஞ்சமும் குறையாமல் 400 கிலோ மூஸின் மேல் பட்டு உள்ளேயே நின்றாலும், மூஸ் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 2 சென்டிமீட்டர்கூட இல்லை. அதைத் தள்ளிவிழுத்தும் துப்பாக்கி இருந்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவனும் மறுபக்கம் விழுந்திருக்க வேண்டும்.

அப்படியானால் விலங்கு எதனால் சாகிறது? இரண்டு நுரையீரலிலும் ஓட்டை விழுவதால். ரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது, மூளைக்கு உயிர்வளி போவது நிற்கிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். அந்தச் சில நொடிகளில் மூஸ் பத்தடி நடக்கலாம், ஐம்பது மீட்டரும் போகலாம். பல நேரம் குண்டு பட்டதாகவே காட்டிக்கொள்ளாது. நின்ற இடத்தில் நின்று உங்களைப் பார்க்கும், மெல்லத் திரும்பி நடக்கும், பிறகு கால் மடங்கிச் சரியும். "முதல் முறை சுடுபவன் தவறவிட்டேன் என்று நினைத்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். மூஸ் அங்கே புதருக்குப் பின்னால் கிடக்கும்" என்றார் பெரியவர்.

ஆகவே துப்பாக்கியிடம் கேட்க வேண்டியது உதைக்கும் பலத்தை அல்ல. குண்டைச் சரியான இடத்துக்கு, ஆழமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறத்தை. ஸ்வீடன் சட்டம் இதற்கு ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 2000 ஜூல் ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். 9 கிராமிலிருந்து 10 கிராமுக்குள் என்றால் 2700 ஜூல். 2000 ஜூல் எவ்வளவு என்கிறீர்களா? 50 கிலோ அரிசி மூட்டையை 4 மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு. இலேசான குண்டுக்கு ஏன் அதிக ஆற்றல் கேட்கிறார்கள்? கனமான குண்டு உள்ளே போனபின் தன் போக்கை எளிதில் விடாது. இலேசானதற்கு அந்தப் பிடிவாதம் குறைவு. குறையை வேகத்தால் ஈடுகட்டச் சொல்கிறது சட்டம்.

இந்த வரம்புக்கு மேலே தேர்வு நிறைய. அமெரிக்காவின் .30-06, பெயரிலேயே பிறந்த ஆண்டை வைத்திருக்கிறது, 1906. 11.7 கிராம் குண்டு, குழல் முனையில் சுமார் 3900 ஜூல். வட அமெரிக்காவில் மூஸுக்கு இதைப் போதும் என்று சொல்பவர்கள் ஏராளம். 1905இல் பெர்லின் துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ போக் உருவாக்கிய 9.3×62, ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகளுக்காக வந்தது. 18.5 கிராம் குண்டு, சுமார் 4800 ஜூல். யானைக் காட்டுக்காகப் பிறந்த அது இன்று ஸ்காண்டிநேவியப் பனிக்காட்டில் மூஸுக்குப் பின்னால் போகிறது. அலாஸ்காவில் கரடியும் எதிரே வரலாம் என்பதால் .338 வின்செஸ்டர் மேக்னம் விரும்பப்படுகிறது. நமக்குத் தெரிந்த பெயரும் பட்டியலில் உண்டு. நம் காவலர் தோளில் பார்த்துப் பழகிய த்ரீ நாட் த்ரீ. உலகப் போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட .303 லீ என்ஃபீல்டுகளால் கனடாவில் பல தலைமுறைக் குடும்பங்கள் குளிர்காலத்துக்கு மூஸ் கறி சேர்த்திருக்கின்றன.

பெரியவரிடம் நான் கேட்டேன்: "பெரிய தோட்டாதானே பாதுகாப்பு?" அவர் சட்டைக் காலரை விலக்கித் தோளைத் தட்டிக் காட்டினார். பெரிய தோட்டா தோளில் உதைக்கும். நாலு முறை உதை வாங்கியவன் ஐந்தாம் முறை விசையை அழுத்தும்போது தன்னை அறியாமல் கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். குழல் முனை சற்றே அசைந்தால் 100 மீட்டரில் குண்டு நுரையீரலுக்குப் பதில் குடலில் படும். குடலில் பட்ட 5000 ஜூலைவிட நுரையீரலில் பட்ட 2500 ஜூல் ஆயிரம் மடங்கு நல்லது. அதனால் அவர் தரும் பதில் எளிது. கண்ணை மூடாமல் சுட முடிகிற துப்பாக்கிகளில் பெரியதை எடு.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பயிற்சி. 1985 முதல் ஸ்வீடனில் புதிதாக வேட்டைக்கு வருபவர் தேர்வு எழுதித் தேற வேண்டும், சுட்டும் காட்ட வேண்டும். ஊருக்கு ஊர் பயிற்சித் திடல் உண்டு. 80 மீட்டர் தொலைவில் மூஸ் உருவப் பலகை ஒன்று தண்டவாளத்தில் ஓடும். இந்த விளையாட்டு ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிலேயே இருந்தது, மான் உருவத்தை வைத்து. ஆஸ்கர் ஸ்வான் என்ற நீண்ட தாடிக்காரர் 1908இல் லண்டனில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 60. 1912இல் ஸ்டாக்ஹோமில் இன்னொரு தங்கம். 1920இல் ஆண்ட்வெர்ப்பில் வெள்ளி, அப்போது வயது 72. அவரைவிட மூத்த வயதில் ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வாங்கிய விளையாட்டு வீரர் இன்றுவரை இல்லை. ஓய்வு பெற்றவர்கள் கவனிக்கவும்.

இனி குண்டு. பேச்சில் நாம் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது குப்பி, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் குண்டைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறார்கள்.

வல்வில் ஓரியை நினைத்துக்கொள்ளுங்கள். புறநானூறு சொல்கிறபடி அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது. ஊடுருவலின் உச்சம் அது. அம்புக்கு அது பெருமை, அதன் அகன்ற முனை போகிற வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போகும். துப்பாக்கிக் குண்டு அப்படி ஊடுருவினால் தொல்லை. முழுக்கக் கடின உலோக உறை போட்ட ராணுவக் குண்டு மெல்லிய துளை போட்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு கிலோமீட்டர் கணக்கில் ஓடி, எங்கோ ஒரு சதுப்பில் மணிக்கணக்கில் துடிக்கும். அதனால் வேட்டைக் குண்டின் மூக்கு மென்மையாக இருக்க வேண்டும், பட்டதும் காளான்போல விரிய வேண்டும். பெரிய விலங்கை விரியும் குண்டால்தான் சுட வேண்டும் என்பது ஸ்வீடனில் சட்டம்.

இந்த விரியும் குண்டின் வரலாற்றில் நம் நாட்டின் ஓர் ஊர் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம். 1895இல் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில், சித்ராலில் நடந்த சண்டைக்குப் பின், புதிய .303 குண்டு எதிரியைத் துளைத்துப் போகிறதே தவிர நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைசொன்னார்கள். டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, குண்டின் முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். அந்தக் குண்டு உடலுக்குள் விரிந்தது. ஊரின் பெயரே குண்டின் பெயராயிற்று. 1899இல் ஹேக் மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்தது.

முதலில் இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரே குண்டு, போரில் கொடுமை என்று தடை, வேட்டையில் கருணை என்று கட்டாயம். யோசித்தால் முரண் இல்லை. போரில் சிப்பாயைச் சண்டையிலிருந்து விலக்கினால் போதும், அவன் பிழைத்து ஊர் திரும்பலாம். வேட்டையில் விலங்கு சாவது என்று முடிவானபின் தாமதம்தான் கொடுமை. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன் எதற்கு என்று கேட்க வேண்டும். முப்பது ஆண்டு ஆற்றலும் உந்தமும் நடத்திய நான் இதை ஒரு வேட்டைக்காரரிடம் கற்றேன்.

விரிவதிலும் அளவு உண்டு. 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் கிடாவைச் சுட்டார். அதன் உடலெங்கும் சேறு பூசிக் காய்ந்திருந்தது. வேகம் மிகுந்த .300 மேக்னம் குண்டுகள் தோள் பக்கத்தில் பட்டதுமே சிதறின, உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பிய அவர் ஒரு புதுக் குண்டைச் செய்தார். செம்புக் கலவை உறைக்குள் முன்னே ஓர் அறை, பின்னே ஓர் அறை, நடுவில் சுவர். முன் பாதி விரிந்து புண்ணை அகலமாக்கும். பின் பாதி கட்டுக்குலையாமல் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. விரிவும் வேண்டும், ஆழமும் வேண்டும் என்ற இரட்டைக் கோரிக்கைக்கு அதன்பின் வேறு விடைகளும் வந்தன. ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டினார்கள், முழுக்கச் செம்பிலேயே குண்டு செய்தார்கள்.

செம்புக்கு வந்ததில் சமையலறைக்கும் பங்குண்டு. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து கறிக்குள் பரவுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் புண்ணைச் சுற்றி விண்மீன் தூவியதுபோலத் தெரியும். காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகள் ஈய நஞ்சேறிச் சாகின்றன. கலிஃபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்துவிட்டது. டென்மார்க் 2024இல் ரைஃபிள் குண்டில் ஈயத்தைத் தடைசெய்தது. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளும். விரிய வேகமும் கூடுதலாக வேண்டும். பழைய துப்பாக்கிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கறி பொரிக்கும் பாட்டிகள் செம்பின் பக்கம்.

சுட்ட பிறகு? ஸ்வீடன் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மூஸ் வேட்டைக்குப் போகிறவர், காயம்பட்ட விலங்கைத் தேடப் பழகிய நாய் ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வரவழைக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். தவறு நடக்கும் என்று முன்பே ஒப்புக்கொண்டு எழுதிய விதி.

கறியை வீணாக்காமலிருப்பதும் வேட்டையின் பகுதிதான். அலாஸ்காவில் 700 கிலோ மூஸிலிருந்து 225 கிலோவுக்கு மேல் கறி தேறும். அதைக் காட்டிலிருந்து சுமந்து வெளியே சேர்க்கும் முன் கொம்பைக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. 1992 ஜூன் 9 அன்று அலாஸ்காக் காட்டில் தனியாக வாழ்ந்த கிறிஸ் மெக்காண்ட்லெஸ் என்ற இளைஞர் ஒரு மூஸைச் சுட்டார். அவர் கையில் இருந்தது .22, நம் ஊரில் பறவை சுடும் அளவுத் துப்பாக்கி. மூஸ் விழுந்தது. ஆனால் அத்தனை கறியைப் பதப்படுத்த அவருக்குத் தெரியவில்லை. புகை போட்டுப் பார்த்தார், புழு வைத்துவிட்டது. அதைச் சுட்டதற்காக வருந்தி நாட்குறிப்பில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து அவரே பட்டினியால் இறந்தார். குண்டு சின்னது என்பது அவருடைய பிரச்சினையாக இருக்கவில்லை.

அதே அலாஸ்காவில் மின்டோ என்ற அதபாஸ்கன் பழங்குடிக் கிராமத்தில், இறந்தவருக்கான விருந்துக்காக, வேட்டைக் காலம் அல்லாதபோது ஒரு மூஸ் சுடப்பட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. இறந்தவருக்குச் செய்யும் சடங்கில் மூஸ் கறி இல்லாமல் முடியாது, அது அவர்களுடைய மத உரிமை என்று 1979இல் தீர்ப்பு வந்தது. நம் வீட்டுப் படையலில் இன்னது வைத்தே ஆக வேண்டும் என்று பாட்டி அடம்பிடிப்பாளே, அது நீதிமன்றம் ஏறி வென்றதுபோல.

ஸ்வீடனில் சுமார் 3 லட்சம் வேட்டைக்காரர்கள். 1982இல் ஒரே ஆண்டில் 1.7 லட்சத்துக்கும் மேல் மூஸ்கள் சுடப்பட்டன, அதுதான் உச்சம். காடுகளைப் பட்டை பட்டையாக வெட்டி மறுபடி நட்டதில் மூஸுக்குத் தீனியாக இளம் பைன் கன்றுகள் எங்கும் முளைத்தன. அப்போது ஓநாயும் கிட்டத்தட்ட இல்லை. மூஸ் பெருகிற்று. இன்று எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அதே நாட்டில் 2019 முதல் பொதுச் சேவைத் தொலைக்காட்சி வசந்தத்தில் மூஸ்கள் ஆறு கடப்பதை வாரக்கணக்கில் இரவும் பகலும் நேரலையில் காட்டுகிறது. ஒன்றுமே நடக்காத மணி நேரங்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். பெரியவரும் பார்ப்பாராம், சாய்வு நாற்காலியில், காப்பியோடு.

வேட்டைக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். விடியும் முன் கிளம்பினோம். "அப்பா, வாயைத் திறக்காதீங்க. இருமல் வந்தாலும் முழுங்கிடுங்க" என்று மகள் எச்சரித்து அனுப்பினாள். தொப்பியில் செம்மஞ்சள் பட்டை கட்டிவிட்டார்கள். காட்டோரத்தில் ஏணி வைத்த மர மேடையில் பெரியவரும் நானும் ஏறி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வடக்கே நாய் குரைக்கத் தொடங்கியது. குரைப்பு நெருங்கிற்று. பிர்ச் மரங்களுக்கிடையே ஓர் இளங்கிடா வந்து நின்றது. 60 மீட்டர்கூட இருக்காது. என் கண்ணுக்கு அது வாசலில் நிற்கும் மாடு. பெரியவர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பத்து நொடி, இருபது நொடி. கிடா காதை அசைத்தது, திரும்பியது, மரங்களுக்குள் போய்விட்டது. அவர் துப்பாக்கியை இறக்கினார்.

மதியம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது கேட்டேன், ஏன் சுடவில்லை? தோளுக்கு முன்னால் ஒரு பிர்ச் கிளை இருந்தது என்றார், சுண்டுவிரல் தடிமன். விரியும் குண்டு அந்தக் கிளையில் பட்டாலே விரியத் தொடங்கிவிடும், திசையும் மாறலாம். அது எங்கே போய்ப் படும் என்று யாருக்கும் தெரியாது. கிடா ஓர் அடி முன்னால் வைத்திருந்தால் சுட்டிருப்பாராம். வைக்கவில்லை.

துப்பாக்கியிலிருந்து எடுத்த தோட்டாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் குளிரில் அது அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. 6.5×55, பத்து கிராம் குண்டு. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டியில் அதன் குழியில் செருகி மூடினார். அந்த வாரம் மூஸ் விழுந்தது வேறு மேடைகளில். பங்கு பிரித்தபோது அவருக்கும் ஒரு பொட்டலம் வந்தது, அதில் பாதியை என் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மிளகு அரைத்துப் போட்டு வறுவல் செய்தோம்.

பின்வரிசையில் சிரித்த நண்பர் முதல் கேள்வியைக் கேட்கலாம்.